ஒற்று முதல் ஃபாரம் வரை: எழுத வருவோரின் கேள்விகள்

எழுதத் தொடங்கியிருக்கும் வாசகர்கள் அனுப்பியவற்றில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். ஒரே பொருளில் வந்தவற்றைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஒற்று மிகும் இடம், மிகா இடம் என்று பள்ளியில் நீண்ட பட்டியலை மனப்பாடம் செய்தேன். எழுத உட்கார்ந்தால் ஒன்றும் நினைவுக்கு வருவதில்லை. சுருக்கு வழி ஏதாவது உண்டா? (வாசகி, அறந்தாங்கி)

சுருக்கு வழி இல்லை. ஆனால் பட்டியல் முழுவதையும் சுமக்க வேண்டியதும் இல்லை. அடுத்த சொல் க, ச, த, ப வரிசையில் தொடங்கினால்தான் இந்தக் கேள்வியே எழும். ‘அவனை மறந்தேன்’ என்பதில் யோசிக்க எதுவுமில்லை. அந்த நான்கில் ஒன்றைக் கண்டால் மட்டும் நின்று, முன் சொல் எப்படி முடிகிறது என்று பாருங்கள்.

அன்றாட உரைநடையில் ஒற்று விடுபடும் பிழைகள் பெரும்பாலும் ஐந்து இடங்களில் அடங்கிவிடும். ‘ஐ’ உருபு: கதையைக் கேட்டான். ‘கு’ உருபு: ஊருக்குப் போனான். அந்த, இந்த, எந்த, அப்படி, இப்படி, எப்படி: அந்தப் பெட்டி, எப்படிச் சொன்னான். ஆக, என: வேகமாகப் பேசினான், எனக் கூறினான். ஐந்தாவது வினையெச்சம். பலர் தடுக்கி விழுவது இங்கேதான். அகரத்திலோ இகரத்திலோ முடிந்தால் மிகும்: வரச் சொன்னான், தேடிப் போனான். உகரத்தில் முடிந்தால் அந்த உகர எழுத்துக்கு முன்னால் நிற்கும் மெய்யைப் பாருங்கள். படித்துப் பார்த்தான், விற்றுத் தீர்த்தான், கேட்டுச் சொன்னான்: த், ற், ட் என்று வல்லின மெய் நிற்பதால் மிகுந்தது. வந்து பார்த்தான், செய்து கொடுத்தான், நின்று பேசினான்: ந், ய், ன் நிற்பதால் மிகவில்லை. ‘எனக் கூறினான்’ என்று எழுதுகிற கை ‘என்று கூறினான்’ என்பதில் ஒற்றுப் போடாததற்கும் இதுவே காரணம்.

இல்லாத இடத்தில் ஒற்றைச் செருகுவதும் அதே அளவு பரவியிருக்கிறது. ‘அந்தப் பையன்’ என்று எழுதிப் பழகிய கை, ஓசை ஒத்திருப்பதால் ‘வந்தப் பையன்’ என்றும் எழுதிவிடும். ‘வந்த’ பெயரெச்சம், மிகாது. அது, இது, எது ஆகியவற்றுக்குப் பின்னும் மிகாது. எழுவாய்க்குப் பின் மிகாது (மழை பெய்தது). ‘ஓடு’ உருபுக்குப் பின் மிகாது (நண்பனோடு பேசினான்). வினைத்தொகையில் மிகவே மிகாது: ஊறுகாய், சுடுசோறு.

பிழைதிருத்தும் செயலி இருக்கிறதே என்பீர்கள். நாவி என்ற சந்திப்பிழை திருத்தி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, நன்றாகவே உதவும். ஆனால் ‘தந்த பலகை’ யாரோ கொடுத்த பலகை. ‘தந்தப் பலகை’ யானைத் தந்தத்தால் ஆனது. ‘வேலை கொடுத்தான்’ என்றால் பணி. ‘வேலைக் கொடுத்தான்’ என்றால் வேலாயுதம். நான்கும் சரியான தமிழ்தான் என்பதால், நீங்கள் எதை நினைத்தீர்கள் என்பது செயலிக்குத் தெரிய வழியில்லை.

பயிற்சி இப்படி: நன்றாக மெய்ப்புப் பார்க்கப்பட்ட, அதாவது அச்சுக்கு முன் பிழை பார்த்துத் திருத்தப்பட்ட நூலில் ஒரு பக்கம் எடுங்கள். க, ச, த, ப-வில் தொடங்கும் சொற்களைப் பென்சிலால் வட்டமிட்டு, முன்னால் ஒற்று ஏன் வந்தது, ஏன் வரவில்லை என்று ஓரத்தில் ஒரு சொல்லில் எழுதுங்கள். நாளுக்கு ஒரு பக்கம் என்று ஒரு மாதம் போனால், விதியைத் தேடுவதற்கு முன்பே காது சொல்லிவிடும்.

கேள்வி: சுவரிலா, சுவற்றிலா? (வாசகர், விருத்தாசலம்)

சுவரில். ‘று’ என்று முடியும் சொல்தான் ‘ற்று’ ஆகும்: கிணறு, கிணற்றில், வயிறு, வயிற்றில். ‘சுவர்’ அந்த வகை இல்லை. இதே கடிதத்தில் நீங்கள் எழுதியிருக்கும் ‘பதட்டம்’, ‘எண்ணை’, ‘கோர்த்து’ மூன்றையும் முறையே பதற்றம், எண்ணெய், கோத்து என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரே ஒரு அகராதி வாங்க முடியும் என்றால் எதை வாங்கலாம்? (கல்லூரி மாணவி, தென்காசி)

முதலில் ‘ஒரே ஓர் அகராதி’. உயிரெழுத்துக்கு முன் ‘ஓர்’.

இன்றைய உரைநடை எழுதுபவருக்குக் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. 1992இல் முதல் பதிப்பு, 2008இல் விரிவாக்கிய இரண்டாம் பதிப்பு, 2020இல் மூன்றாம் பதிப்பு. பழைய புத்தகக் கடையில் முதல் பதிப்பு மலிவாகக் கிடைத்தாலும் பிந்தைய பதிப்புக்காகக் காத்திருப்பது நல்லது. இதன் பலம் எடுத்துக்காட்டு வாக்கியங்கள். ஒரு சொல்லின் பொருளோடு, அது எந்தச் சொல்லோடு சேர்ந்து வரும் என்பதும் அவற்றில் தெரியும். இலங்கைத் தமிழ் வழக்குகளுக்கும் இதில் இடம் உண்டு.

பழைய இலக்கியம் படிக்கவோ, வரலாற்றுக் கதை எழுதவோ இது போதாது. அதற்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன். 1924 முதல் 1936 வரை 6 தொகுதிகளாக வந்தது. பிறகு பின்னிணைப்பு ஒன்றும் சேர்ந்தது. லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். பொருளோடு, அச்சொல் எந்த நூலில் ஆளப்பட்டது என்ற மேற்கோளும் இருக்கும். இதை வாங்க வேண்டாம்; சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னகராதித் தளத்தில் இலவசமாகத் தேடலாம். சொல்லின் வேரையும் தெலுங்கு, கன்னட, மலையாள உறவுகளையும் காட்டும் பர்ரோ-எமனோ திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியும் அதே தளத்தில் இருக்கிறது.

தேடும்போது ஒன்று கவனியுங்கள். ‘படித்தான்’ என்று தட்டினால் லெக்சிகனில் எதுவும் வராது. அங்கே வினைகள் ‘படி-த்தல்’ என்ற தலைப்பில் இருக்கும். க்ரியாவிலும் ‘படி’ என்ற பகுதியைத்தான் பார்க்க வேண்டும். “அகராதியிலேயே இல்லை” என்று எழுதுபவர்களில் பலர் இந்த இடத்தில் திரும்பி வந்தவர்கள்தான்.

கேள்வி: எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் பழைய நூல்கள் இல்லை. சென்னைக்கு வரவும் வசதியில்லை. (வாசகர், கூடலூர்)

சங்க இலக்கியம், காப்பியம், பக்தி நூல்களுக்கு மதுரைத் திட்டம் (1998இல் தொடங்கியது). எல்லாம் தட்டச்சு செய்த பாடம் என்பதால் ஒரு சொல்லை நூல் முழுக்கத் தேட முடியும். அச்சு நூலின் பக்கங்களையே பார்க்க வேண்டுமென்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். இலங்கை நூல்களுக்கும் இதழ்களுக்கும் ‘நூலகம்’ தளம். மேற்கோள் காட்டப் போகிறீர்கள் என்றால், தட்டச்சுப் பாடத்திலிருந்து அப்படியே எடுக்காதீர்கள். ஓர் எழுத்து விழுந்திருந்தாலும் பொருள் புரண்டுவிடும். தேடுவது அங்கே, சரிபார்ப்பது அச்சுப் பக்கத்தில்.

கேள்வி: ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழ் வரவழைக்கிறேன். ஒரு பக்கம் அடிப்பதற்குள் யோசனை ஓடிவிடுகிறது. தமிழ்99 பழகலாமா? (வாசகர், சிவகாசி)

பழகுங்கள். ‘அம்மா’ என்பதை நினைத்து, அதை ரோமன் எழுத்தாக்கி, பிறகு விரலுக்கு அனுப்புவது இரட்டை வேலை. தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். புள்ளியைப் பல இடங்களில் அதுவே போட்டுக்கொள்ளும்: ‘பக்கம்’ வேண்டுமென்றால் ப, க, க, ம, புள்ளி. ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் முதலாவது புள்ளி பெறும். ந-த, ங-க, ண-ட, ம-ப, ன-ற, ஞ-ச இணைகளுக்கும் அப்படியே. இந்த வசதியே சில நேரம் காலை வாரும். ‘மமதை’ என்று அடித்தால் ‘ம்மதை’ வரும். முதல் ம-வுக்குப் பின் அ விசையை ஒரு முறை தட்டிவிட்டு அடுத்த ம-வை அடியுங்கள். நாளுக்கு 20 நிமிடம் ஒதுக்கினால் இரண்டு மூன்று வாரத்தில் கை படியும். முதல் வாரம் பழைய முறையைவிட மெதுவாகத்தான் போகும். பலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள்.

எந்த முறையில் அடித்தாலும் ஒரு பொறி உண்டு. ‘கௌரவம்’ என்பதில் வருவது ஒரே ஔகாரக் குறி. அதைக் ‘கெ’ அடித்து ‘ள’ அடித்தும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். கணினிக்கு அது வேறு சொல். தேடினால் கிடைக்காது, பிழைதிருத்தி சிவப்புக் கோடு போடும். எ-வுக்குப் பதில் தமிழ் எண் ஏழும் (௭), க-வுக்குப் பதில் தமிழ் எண் ஒன்றும் (௧) நுழைந்துவிடுவதும் இதே வகை. இதழ்களுக்கு அனுப்பும்போது யூனிகோடில், வேர்டு கோப்பாக அனுப்புங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அனுப்பினால், அது இல்லாத கணினியில் உங்கள் கதை ஆங்கிலக் குப்பையாகத் திறக்கும்.

கேள்வி: வெண்பா எழுத ஆசை. யாப்பு நூலைத் திறந்தால் தலை சுற்றுகிறது. எங்கிருந்து தொடங்குவது? (ஓய்வுபெற்ற ஆசிரியர், மன்னார்குடி)

குறள் வெண்பாவிலிருந்து, ஐயா. இரண்டே அடி, ஏழே சீர்.

முதலில் அசை. தனிக்குறிலோ தனிநெடிலோ, ஒற்றோடு வந்தாலும் வராவிட்டாலும், நேர். குறில் இரண்டு சேர்ந்தோ, குறிலும் நெடிலும் சேர்ந்தோ வந்தால் நிரை. இங்கும் ஒற்றைக் கணக்கிட வேண்டாம். ஈரசைச் சீரில் நேரில் முடிவது ‘மா’, நிரையில் முடிவது ‘விளம்’. மூன்றசையாகி நேரில் முடிவது ‘காய்’. மூன்றாம் அசை நிரையானால் ‘கனி’; அது வெண்பாவுக்குள் வரக் கூடாது.

அடுத்து தளை, அதாவது ஒரு சீர் முடிவதற்கும் அடுத்தது தொடங்குவதற்கும் உள்ள பிடிப்பு. மாவுக்கு முன்னால் நிரை, விளத்துக்கு முன்னால் நேர், காய்க்கு முன்னால் நேர். (இலக்கணத்தில் ‘முன்’ என்றால் அடுத்து வருவது. இது தெரியாமல் தலைகீழாகப் போட்டுத் திண்டாடுபவர்கள் உண்டு.) இந்தப் பத்திக்காகவே கட்டிய ஒரு குறள்:

எழுதி முடித்தபின் ஏடெடுத்து மீண்டும்
பழுது களைவார் படைப்பு.

எழு/தி: நிரைநேர், புளிமா. மாவை அடுத்து நிரை வேண்டும். முடித்/தபின், நிரைநிரை, கருவிளம். விளத்தை அடுத்து நேர். ஏ/டெடுத்/து, நேர்நிரைநேர், கூவிளங்காய். காயை அடுத்து நேர். மீண்/டும், நேர்நேர், தேமா. அடி முடிந்துவிட்டது என்று தளையை விட்டுவிடக் கூடாது. தேமாவை அடுத்து இரண்டாம் அடி நிரையில்தான் தொடங்க வேண்டும்: பழு/து, புளிமா. களை/வார், மீண்டும் புளிமா. ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாடுகளில் ஒன்றாக இருக்க வேண்டும், ‘படைப்பு’ பிறப்பு. எழுதி, பழுது இரண்டிலும் இரண்டாம் எழுத்து ‘ழு’, அது எதுகை. எழுதி-ஏடெடுத்து, பழுது-படைப்பு: ஒன்றாம் சீரும் மூன்றாம் சீரும் மோனை.

இப்போது ‘ஏடெடுத்து’ என்பதை எடுத்துவிட்டுத் ‘திரும்பவும்’ என்று வையுங்கள். பொருள் கெடவில்லை. ஆனால் விளத்தை அடுத்து நிரை வந்துவிட்டது; தளை தட்டும். உரக்கப் படித்தால் அந்த இடத்தில் நாக்கு இடறுவதை உணரலாம்.

இருபது முப்பது குறள் கட்டிய பிறகு நேரிசை வெண்பாவுக்குப் போங்கள். நான்கு அடி, இரண்டாம் அடியின் நான்காம் சீர், முதலிரண்டு அடிகளின் எதுகையை ஏற்ற தனிச்சொல். எதுகை கிடைக்காமல் முட்டும்போது வீரமாமுனிவரின் சதுரகராதியைப் (1732) புரட்டுங்கள். அதன் நான்கு பகுதிகளில் கடைசி, தொடைக்காகவே (எதுகை போன்ற ஓசை ஒப்புக்காகவே) சொற்களை அடுக்கியது. அலகிட்டு, அதாவது சீர்களை அசை பிரித்து, சரிபார்க்க ‘அவலோகிதம்’ என்ற மென்பொருள் இருக்கிறது. முதலில் கையால் அலகிட்டுவிட்டு, விடையைப் பார்க்க மட்டும் அதைத் திறந்தால் பழக்கம் கெடாது. தளை சரியாக வந்ததே கவிதை ஆகிவிடாது என்பது உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. மேலே உள்ள எங்கள் குறளே சாட்சி.

கேள்வி: உரையாடலை வட்டார வழக்கில் எழுதினால் படிக்கக் கடினம் என்கிறார்கள். எழுத்துத் தமிழில் எழுதினால் நாடகம் போல் இருக்கிறது. (வாசகி, பொள்ளாச்சி)

உச்சரிப்பை அப்படியே படியெடுக்கப் பார்ப்பதுதான் சிக்கல். ஊரைக் காட்டுவதில் எழுத்துச் சிதைவைவிடச் சொல்லும் முறைப்பெயரும் வலுவானவை. செட்டிநாட்டில் ‘அப்பச்சி’ அப்பா. உங்கள் கொங்கில் ‘அப்புச்சி’ அம்மாவைப் பெற்றவர், ‘அப்பாரு’ அப்பாவைப் பெற்றவர். இப்படி ஒரு சொல் விழுந்தால் போதும். மற்றதை ‘வந்துட்டான்’, ‘இருக்கு’ என்று எல்லோரும் படிக்கும் பேச்சு வடிவில் விட்டுவிடலாம்.

கதைக்கு ஒரு தனித் தாள் வைத்து, எந்தச் சொல்லை எப்படி எழுதுகிறீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் பக்கத்தில் ‘வந்துட்டான்’, ஏழாம் பக்கத்தில் ‘வந்திட்டான்’ என்று ஒரே ஆள் பேசினால் அவர் கடல் கடந்து போய்வந்தது போல் இருக்கும். கி. ராஜநாராயணன் தொகுத்த வட்டார வழக்குச் சொல்லகராதியும் (1982), பெருமாள்முருகனின் கொங்கு வட்டாரச் சொல்லகராதியும் (2000) மேசையில் இருக்க வேண்டியவை. ஆனால் அவற்றிலிருந்து சொல் பொறுக்கிக் கதைக்குள் தூவாதீர்கள். காதில் விழுந்த சொல்லின் பொருளை உறுதிசெய்துகொள்ள மட்டும் திறங்கள்.

கேள்வி: நாவலில் பழைய பாடல் வரிகளைச் சேர்க்கலாமா? (வாசகர், காரைக்கால்)

இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி 1 முதல் 60 ஆண்டுகள் உரிமை இருக்கும். 1965இல் மறைந்தவரின் எழுத்து 2026 ஜனவரி 1 முதல் பொதுச் சொத்து. பாரதியார் பாடல்களைத் தாராளமாக எடுத்தாளலாம். நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களையும் அப்படியே. பட்டியல் தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் இருக்கிறது. ஆனால் பழைய நூலுக்கு இன்று ஒருவர் எழுதிய உரைக்கும் குறிப்புகளுக்கும் தனி உரிமை உண்டு.

திரைப்பாடல் என்றால் படம் வந்த ஆண்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். பாடலாசிரியர் மறைந்த ஆண்டுதான் கணக்கு. விமர்சனத்தில் இரண்டு வரி காட்டுவதற்குச் சட்டம் இடம் தருகிறது. கதைக்குள் அலங்காரமாக வைப்பதற்கு அந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது. வரியை விட்டுவிட்டு, டீக்கடை வானொலியில் அந்தப் பாட்டு எந்த இடத்தில் கரகரத்தது என்று எழுதிவிடுங்கள்.

கேள்வி: ஒரே கதையை நான்கு இதழ்களுக்கு அனுப்பலாமா? (வாசகர், ராணிப்பேட்டை)

கூடாது. இரண்டில் வெளியானால் இரண்டு கதவும் மூடிவிடும். முகநூலில் போட்டதையும் பல ஆசிரியர்கள் வெளியானதாகவே எடுத்துக்கொள்வார்கள்.

கேள்வி: பன்னிரண்டு சிறுகதைகள் இருக்கின்றன. சொந்தமாக நூல் போட நினைக்கிறேன். அச்சகத்தில் ‘எத்தனை ஃபாரம்’ என்று கேட்டார்கள், விழித்தேன். (வாசகி, திண்டுக்கல்)

ஒரு ஃபாரம் என்பது 16 பக்கம். கதைத் தொகுப்புகள் பெரும்பாலும் 1/8 டெமி அளவில், அதாவது ஐந்தரைக்கு எட்டரை அங்குலத்தில் வரும். 11 புள்ளி எழுத்தில் பக்கத்துக்குத் தோராயமாக 200 முதல் 220 சொல் பிடிக்கும். உங்கள் கதைகளின் மொத்தச் சொற்களை 210ஆல் வகுத்து, தலைப்பு, பதிப்பு விவரம், உள்ளடக்கம், முன்னுரைக்கு 8 பக்கம் கூட்டி, 16ஆல் வகுபடும் எண்ணுக்குக் கொண்டு வாருங்கள். 25,000 சொல் என்றால் 119 பக்கம். எட்டைக் கூட்டினால் 127. 8 ஃபாரம், 128 பக்கம். 131 என்று வந்தால் மூன்று பக்கத்துக்காக இன்னொரு ஃபாரத்துக்குக் காசு கொடுக்காமல், வரி இடைவெளியைக் கொஞ்சம் இறுக்கச் சொல்லுங்கள். கதை ஒவ்வொன்றும் புதுப் பக்கத்தில் தொடங்குவதால் வெற்றிடம் விழும். அதையும் கணக்கில் வையுங்கள்.

பக்க வடிவமைப்பில்தான் பெரிய விபத்து நடக்கும். நீங்கள் யூனிகோடில் கொடுத்ததைச் சில இடங்களில் பழைய எழுத்துருவுக்கு மாற்றிப் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் ஓட்டுவார்கள். மாற்றத்தில் ஔகாரமும் ‘ஸ்ரீ’யும் மேற்கோள் குறிகளும் சிதையும். ஆகவே அனுப்பியது பிழையற்றது என்ற நம்பிக்கையில் மெய்ப்பைத் தள்ளிவிடாதீர்கள். இன்டிசைன் மென்பொருளில் செய்தால் ‘கொ’, ‘கை’ போன்றவற்றின் கொம்பு தனியே பிரிந்து நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால், பத்தி அமைப்பில் ‘வேர்ல்ட் ரெடி கம்போஸர்’ என்பதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் சரியாகும்.

மெய்ப்பை இரண்டு முறை, தாளில் அச்செடுத்துப் பாருங்கள். முதல் முறை எழுத்துப் பிழைக்கு. இரண்டாம் முறை முதலில் குறித்தவை திருத்தப்பட்டனவா என்பதற்கும், திருத்தியபோது பக்கத்திலிருந்த சொல் விழுந்துவிட்டதா என்பதற்கும். இரண்டாம் மெய்ப்பில் பத்தி சேர்த்தால் பக்க எண்கள் நகரும். உள்ளடக்கப் பக்கத்தைக் கடைசியில் செய்வது அதனால்தான். அட்டையின் முதுகு அகலத்தையும் பக்கம் உறுதியான பிறகே கேளுங்கள். 80 ஜிஎஸ்எம் மேப்லித்தோ தாளில் 128 பக்கத்துக்கு 6 முதல் 7 மி.மீ. வரும்.

நூலுக்கான பன்னாட்டுத் தர எண்ணான ஐ.எஸ்.பி.என்.-க்கு யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள். டெல்லியில் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகத் தருகிறது. எழுதியவரே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். எண் கைக்கு வராமல் அட்டையை அச்சுக்கு அனுப்பிவிட்டுப் பிறகு ஒட்டுத்தாள் ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். நூல் வெளியானதும் 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னைக் கன்னிமரா உள்ளிட்ட மற்ற வைப்பு நூலகங்களுக்கும் ஒவ்வொரு படி உங்கள் செலவில் அனுப்ப வேண்டும் என்கிறது 1954ஆம் ஆண்டுச் சட்டம். அச்சிடும் எண்ணிக்கையில் அந்தப் படிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.